உம்மாவை கே.எல்.சி.சி.க்கு அழைத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரைப் பொண்ணு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம் பள்ளி லீவில் திருச்சியில் இருந்து கோலாலம்பூர் போகிறோம். நான், என் 7 வயது மகன், 68 வயது உம்மா. காக்கா, அதாவது என் அண்ணன், அங்கே மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். நாலு வருடமாக ஊருக்கு வரவில்லை. "நீங்களாவது வாங்க" என்று டிக்கெட் போட்டுவிட்டார். அவருக்கு முழு நாள் லீவு கிடைப்பது கஷ்டம். ஒரே ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு கே.எல்.சி.சி.யை, அதாவது இரட்டைக் கோபுரம், அதன் அடியில் இருக்கும் சூரியா மால், பின்னால் இருக்கும் பூங்கா எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை.

உம்மா வரமாட்டேன் என்கிறார். முட்டி வலி என்று சாக்குச் சொல்கிறார், ஆனால் காரணம் அது இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மகன் அழுதான் என்று ஒரு பெரிய மாலுக்குள் போனோம். உம்மா கையில் ஓலைக் கொட்டானில் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற இனிப்பு, வைத்திருந்தார். பார்க்கப் போகும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுக்க அவரே ராத்திரி முழுக்கக் கிண்டியது. வாசலில் பையைத் திறந்து பார்த்த ஆள், வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது, மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கேட்டால் வேலை மாறிப்போன வேறொரு ஆள் நின்றார். கொட்டான் குப்பைக்கூடையில் கிடந்தது. உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து அந்தக் கொட்டானை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து "அந்த மாதிரி எடத்துல நமக்கு என்ன வேலை" என்கிறார்.

இப்போது காக்காவுக்காக மறுபடியும் தொதல் கிண்டப் போகிறார். அந்த ஒரு நாள் அவரைக் கூனிக் குறுகவைத்துவிடக் கூடாது. நடக்க எவ்வளவு தூரம், தொழ இடம் உண்டா, உட்கார இடம் உண்டா, நம்மைப் போன்றவர்களை எப்படிப் பார்க்கிறார்கள்? போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

தொண்டி சபுராளி எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். தாராளமாகப் போங்கள். மஸ்ஜித் ஜாமிக் நிலையத்தில் எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஏறினால் டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது கே.எல்.சி.சி. மூன்றாவது நிலையம். இறங்கினால் தரைக்கு அடியிலேயே நடந்து மாலுக்குள் போய்விடலாம், மழை வெயில் எதுவும் தொடாது. மாலுக்குள் 2ஆம் தளத்தில் சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. ஒரு சந்தேகமும் வேண்டாம்.

விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. டிசம்பர் 2023இல் இருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள். ஆனால் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை நெட்டில் நிரப்பிவிடுங்கள். உம்மாவுக்கும் பையனுக்கும் தனித்தனியாக.

பனைக்குளம் காக்கா எழுதியது:

தங்கச்சி, தொண்டித் தம்பி சொன்ன வழி சரியான வழிதான். ஆனால் உங்கள் உம்மாவுக்கு அந்த வழி வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் கோலாலம்பூரில் 11 வருடம் ரொட்டி போட்டவன். எனக்கு வார லீவு திங்கள்கிழமை. கோபுரத்துக்கு மேலே ஏறிப் பார்ப்பதற்குத் திங்கள்கிழமை விடமாட்டார்கள். 11 வருடம் அதன் அடியில் உட்கார்ந்திருந்தும் ஒரு நாளும் மேலே போனதில்லை. அந்த வருத்தம் எனக்கு இல்லை, ஏனென்றால் எனக்குப் பூங்கா கிடைத்தது.

முதன்முதலாகப் போனது 2003. நீங்கள் சொல்கிற அதே கூச்சம் எனக்கும் இருந்தது. எத்தனை முறை குளித்தாலும் சட்டையில் எண்ணெய் வாசம் போகாது. மாலுக்குள் அந்தக் குளிரும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கடிகாரங்களும், காலடிச் சத்தமே கேட்காத தரையும்... இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். வந்தால் எதிரே பெரிய குளம், நீரூற்று, அதற்கு அப்பால் பச்சை. 50 ஏக்கர். ஊர் நடுவில், அடிக்கணக்கில் நிலம் விலைபோகும் இடத்தில், 50 ஏக்கரைச் சும்மா உட்கார்வதற்கு என்று விட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. குளத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அடுத்த திங்களும் அங்கேதான். அதற்கடுத்ததும் அங்கேதான்.

என் இரண்டாவது மகள் பிறந்த செய்தியை அந்த மரத்தடியில்தான் கேட்டேன். எங்கள் வாப்பா மவுத்தான செய்தியும் ஒரு திங்கள்கிழமைதான் வந்தது. அன்றைக்கு மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் நின்று, தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடி ஓடப் போய்விட்டார். 11 வருடத்தில் ஒருத்தரும் என்னை அங்கிருந்து எழுந்திருக்கச் சொன்னதில்லை தங்கச்சி. இதை நான் யாருக்கும் சொல்லத் தயார்.

அந்தப் பூங்காவை வரைந்தவர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் என்ற பிரேசில்காரர். ரியோவில் கோபகபானா கடற்கரை ஓரத்தில் அலை மாதிரி வளைந்து போகும் நடைபாதையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், பழைய அந்த நடைபாதையைப் பிற்பாடு பெரிதாக்கி மறுபடி வடிவமைத்தவரும் அவர்தான். இங்கேயும் பாதை எதுவும் நேராகப் போகாது. வளைந்து வளைந்து மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், அடுத்து என்ன வருகிறது என்று தெரியாது. அவர் 1994லேயே காலமாகிவிட்டார். பூங்கா முடிந்து ஜனங்கள் உள்ளே நடந்ததை அவர் பார்க்கவில்லை. நான் அதை நினைத்துக்கொள்வேன். முன்பு அந்த இடம் குதிரைப் பந்தயத் திடல். அந்தக் காலத்து மரங்கள் சிலவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், என் மரமும் அதில் ஒன்று என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

சரி, வழிக்கு வருகிறேன். எல்.ஆர்.டி.யில் போனால் முதலில் மால்தான் வரும். உம்மா அந்தக் குளிரையும் கண்ணாடியையும் பார்த்ததும் சென்னை ஞாபகத்தில் ஒடுங்கிப் போவார். அப்புறம் பூங்காவைப் பார்த்தாலும் மனம் ஒட்டாது. அதனால் தலைகீழாகப் போங்கள். மஸ்ஜித் இந்தியாவில் இருந்து கிராப் என்ற வாடகைக் காரில் ஏறி, அஸ்-ஷாக்கிரீன் பள்ளிவாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அந்தப் பள்ளி பூங்காவின் விளிம்பிலேயே இருக்கிறது. அஸர், அதாவது பிற்பகல் தொழுகையை, அங்கே தொழுங்கள், பெண்களுக்குத் தனி இடம் உண்டு. தொழுதுவிட்டு வெளியே வந்தால் மரங்கள். உம்மாவிடம் மால் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "பள்ளிக்குப் போறோம், பக்கத்துல ஒரு தோட்டம் இருக்கு" என்று சொன்னால் போதும். பொய் இல்லை, உண்மை அதுதான்.

பையனுக்குச் சிறு பிள்ளைகள் இறங்கி விளையாடும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீரூற்று இருக்கும் பெரிய குளத்தில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதுவார். எல்லாருக்கும் ஊதுவார், வெள்ளைக்காரருக்கும் ஊதுவார், அதற்காக உம்மா பதறவேண்டாம்.

தொதலைக் கொட்டானோடு எடுத்துப் போங்கள். பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் எத்தனையோ முறை வடையும் அவித்த கடலையும் தின்றிருக்கிறோம். குப்பையை மட்டும் கூடையில் போட்டுவிடுங்கள்.

மண்டபம் வடகடல் எழுதியது:

அக்கா, பனைக்குளம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மேலே ஏறிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு கோபுரத்தையும் 41, 42ஆம் மாடிகளில் ஒரு பாலம் இணைக்கிறது. தரையில் இருந்து 170 மீட்டர். நான் எங்கள் அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா பிறந்து வளர்ந்தது எல்லாம் பாம்பன். சின்ன வயதில் இருந்து ரயில் ஜன்னலில் காலுக்குக் கீழே கடலைப் பார்த்தே பழகியவர். அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்து, "தண்ணி இல்லாத பாம்பன் பாலம்டா இது" என்றார். அந்த நடுப்பாலத்தில் அவர் முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முட்டி வலிக்குப் பயமில்லை, எல்லாம் லிஃப்ட்தான். டிக்கெட்டை முன்கூட்டியே நெட்டில் எடுத்துவிடுங்கள். திங்கள்கிழமை வேண்டாம், அண்ணன் சொன்ன காரணம்தான்.

பையனுக்கு மாலின் 4ஆம் தளத்தில் பெட்ரோசைன்ஸ் என்ற அறிவியல் கூடம் இருக்கிறது. ஆனால் அதற்கே அரை நாள் வேண்டும். ஒரே மத்தியானம் என்றால் நேரம் போதாது.

இன்னொன்று. மத்தியானம் மூன்று நாலு மணி வாக்கில் அங்கே இடியோடு மழை பிடிக்கும். நம் ஊரில் கொண்டல் இருட்டிக்கொண்டு வந்தால் கரை சேர நேரம் கிடைக்கும். அங்கே மேகம் கறுத்ததும் பெய்துவிடும். மின்னல் பலமாக இருக்கும், மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

ஏர்வாடி லாத்தா எழுதியது:

தங்கச்சி, முட்டி வலி பற்றி மட்டும் நான் சொல்கிறேன், எனக்கும் அதே வலி. பள்ளியில் இருந்து குளம் வரை நடப்பது சும்மா இல்லை. ஓடுகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் பாதை ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர். அதில் ஏறிவிடாதீர்கள், அது பூங்காவைச் சுற்றிக் கொண்டுபோய்விடும். நடுவில் போகும் பாதையில் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து போனால் வலி தெரியாது. நாங்கள் போனபோது மாலின் தகவல் மேசையில் சக்கர நாற்காலி கேட்டோம், கொடுத்தார்கள். உம்மாவுக்கு நகரும் படிக்கட்டு பயம் என்றால் லிஃப்டைத் தேடிப் போங்கள், கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடாதீர்கள். நான் அப்படித்தான் விழுந்தேன்.

மஃரிப், அதாவது பொழுது சாய்ந்ததும் தொழுவது, அங்கே 7 மணிக்கு மேல்தான், சில மாதங்களில் ஏழரை. அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால் பொழுது நிறைய இருக்கும், அவசரப்படவேண்டாம்.

கீழக்கரைப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ். காக்கா, உங்கள் பதிவைக் காக்காவுக்கு, அதாவது என் சொந்தக் காக்காவுக்கு, போனில் வாசித்துக் காட்டினேன். "அவர் சொல்ற மாதிரியே போவோம்" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அந்த மாதிரி ஒரு பெஞ்ச் இருக்கிறதாம். இத்தனை வருடத்தில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

போய் வந்து எழுதுகிறேன். துஆச் செய்யுங்கள்.

கீழக்கரைப் பொண்ணு எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டோம். எழுதத் தாமதமாகிவிட்டது, உம்மாவுக்குக் காய்ச்சல். இப்போது சுகம்.

புதன்கிழமை போனோம். நினைத்த மாதிரி எல்லாம் நடக்கவில்லை. கிராப் கார் பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் மண்டபம் தம்பி சொன்ன மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் பள்ளிக்குள்ளேயே இருந்தோம். எனக்குத் தவிப்பு, காக்காவின் நேரம் போகிறதே என்று. உம்மாவுக்கு ஒரு தவிப்பும் இல்லை. மகனைப் பக்கத்தில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே தஸ்பீஹ் ஓதினார். காக்கா எட்டத்தில் ஆண்கள் பக்கம் இருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் வெளியே வந்தோம். எல்லா இலையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்ச் நனைந்திருந்தது, காக்கா கைக்குட்டையால் துடைத்தார். உம்மா கேட்ட முதல் கேள்வி, "இது யாரு வூட்டுத் தோட்டம்?" யாருடையதும் இல்லை, எல்லாருக்கும்தான் என்று காக்கா சொன்னார். "அப்ப யாரு கூட்டுறா? ஒரு சருகு கெடக்கலயே" என்றார். அதற்குள் மகன் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிட்டான். ஒரு செருப்பு காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஒரு மலாய்க்கார அம்மா, உம்மா வயதுதான், பேரனைத் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இரண்டும் ஐந்து நிமிடத்தில் கூட்டுச் சேர்ந்துவிட்டன. உம்மா கொட்டானைத் திறந்தார். நான் சொல்லவில்லை, காக்காவும் சொல்லவில்லை. ஒரு துண்டு பிய்த்து அந்த அம்மாவுக்கு நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்து, முகர்ந்து, வாயில் போட்டுவிட்டு, "டோடோல்!" என்றார்.

உம்மா என்னைப் பார்த்தார். "தொதல்ங்குறாளா?" என்றார்.

காக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அங்கேயும் அதே பண்டம், அதே பெயர், பெருநாளைக்குக் கிண்டுவார்களாம். நாலு வருடம் கடைகளில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், உம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உம்மா தமிழில், அவர் மலாயில். காக்கா ஒன்றிரண்டு வார்த்தைதான் சொல்லிக்கொடுத்தார், மீதி எல்லாம் கைதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துச் சட்டியில் சுற்றுவதைக் காட்டினார்கள். தேங்காய்ப்பால் இரண்டு பக்கமும் உண்டு. நாங்கள் பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் போடுகிறோம், அவர்கள் ஒட்டிக்கொள்கிற ஒரு வகை அரிசி மாவு போடுகிறார்கள். கருப்பட்டிக்குப் பதில் அவர்களுக்குத் தென்னங்கருப்பட்டி. பனங்கருப்பட்டி என்பதை உம்மாவால் விளக்கவே முடியவில்லை. கடைசியில் தரையில் குச்சியால் பனைமரம் வரைந்து காட்டினார்.

மேலே ஏறவில்லை, மண்டபம் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மழையில் நேரம் போய்விட்டது. ஆறரை மணி போலக் குளத்துப் பக்கம் வந்தோம். உம்மா அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார், கழுத்து வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கை கழுவவேண்டும், தொதல் பிசுக்கு என்று அவராகவே எழுந்து அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து நடந்தார். கையில் கொட்டான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வாசலில் நின்ற காவலாளி சின்னப் பையன். பையைத் திறக்கவில்லை. "சிலாக்கன், மக்சிக்" என்று கதவைப் பிடித்துக்கொண்டான். வாங்க அம்மா என்கிற மாதிரி என்று காக்கா சொன்னார். உம்மா உள்ளே போய்க் கை கழுவிவிட்டு, திரும்பி வரும்போது அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். வேலை நேரத்தில் வாங்கமாட்டானோ என்று நான் பயந்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கடை ஒன்றும் பார்க்கவில்லை. இரவு 8 மணிக்குப் பாட்டோடும் விளக்கோடும் நீரூற்று ஆடும் என்றார்கள், அதற்கும் நிற்க முடியவில்லை. காக்கா கடைக்குத் திரும்பவேண்டிய நேரம். கிளம்பும்போது உம்மா காக்காவின் சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பனைக்குளம் காக்கா, நீங்கள் எழுதிய எண்ணெய் வாசம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏர்வாடி லாத்தா, சக்கர நாற்காலி கேட்க அவசியம் வரவில்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்தே போய்விட்டோம்.

பனைக்குளம் காக்கா எழுதியது:

மாஷா அல்லாஹ். இரண்டு முறை வாசித்துவிட்டேன், வீட்டிலும் வாசித்துக் காட்டினேன்.

தங்கச்சி, உம்மா உட்கார்ந்த பெஞ்ச் எது என்று கேட்டுச் சொல்கிறீர்களா? தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப் பக்கம், கிளை தாழ்ந்து தரையைத் தொடுகிற மாதிரி ஒரு பெரிய மரம் இருந்ததா? படம் எடுத்திருந்தால் ஓரத்தில் தெரிந்தாலும் போதும், போடுங்கள். நான் ஊர் வந்து 11 வருடம் ஆகிறது. இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.